டிரிப்டோஃபானா, ஆர்ஜினினா: எந்தப் பாதையை அளப்பது?

நோயெதிர்ப்புச் சகிப்பை, அதாவது உடலின் எதிர்ப்பு செல்கள் தாக்காமல் பொறுத்துக்கொள்வதை, ஆராயத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இது. டிரிப்டோஃபான், ஆர்ஜினின் இரண்டும் அமினோ அமிலங்கள்; இவற்றை உடைக்கும் இரு பாதைகளும் டி செல்களை (தாக்கும் வெள்ளணுக்களை) அடக்குகின்றன.

வேலை: ஐடிஓ (இண்டோலமைன் 2,3-டைஆக்சிஜனேஸ்) நொதி டிரிப்டோஃபானை உடைக்கிறது; அதில் பிறக்கும் கைனுரெனின், மற்ற எதிர்ப்பு செல்களை அடக்கும் ஒழுங்காற்று டி செல்கள் உருவாகத் துணைநிற்கிறது. ஆர்ஜினேஸ் நொதி ஆர்ஜினினைத் தீர்த்துவிட, டி செல் ஏற்பியில் சைகையை உள்ளே கடத்தும் சீட்டா சங்கிலி குறைகிறது.

சான்று: 1998இல் ஐடிஓவைத் தடுத்தபோது, கருவுற்ற எலிகள் மரபு வேறுபட்ட கருக்களை இழந்தன; சகிப்புக்கு ஐடிஓ தேவை என்பதை இது காட்டியது.

அளவீடு: கைனுரெனின் சுலபம். டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தால் புரதத்தை நீக்கி, கைனுரெனினோடு மஞ்சள் நிறம் தரும் எர்லிக் கரைசல் சேர்த்து, 490 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வைப் பார்க்கலாம். ஆர்ஜினேஸை முதலில் மாங்கனீசுடன் 55 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிச் செயலூட்டிவிட்டுத்தான், அது ஆர்ஜினினிலிருந்து உண்டாக்கும் யூரியாவை அளக்க முடியும்.

சறுக்கல்: செல்களை வளர்க்கும் ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில் ஆர்ஜினின் லிட்டருக்கு 200 மில்லிகிராம், இரத்தத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு! ஆர்ஜினேஸின் விளைவு அதில் அமுங்கிவிடும்.

ஆக, மனித டென்ட்ரிடிக் செல் (டி செல்லுக்கு அந்நியப் பொருளைக் காட்டும் செல்) என்றால், இன்டர்ஃபெரான் காமா என்ற சைகைப் புரதம் கொடுத்து ஐடிஓவை அளக்கலாம்; எலி மேக்ரோஃபேஜ் (விழுங்கும் வெள்ளணு) என்றால் ஆர்ஜினேஸை.