எக்ஸ்ப்ளோரரா, அக்வா டெர்ராவா: காந்தத்தோடு வேலை செய்பவரின் அன்றாடக் கடிகாரம்

மூன்று ஆண்டுகளாக என் இடது மணிக்கட்டில் இருப்பது ஒமேகா சீமாஸ்டர் அக்வா டெர்ரா, 38 மி.மீ. அதை வாங்குவதற்கு முன் ஏறக்குறைய எட்டு மாதங்கள் ரோலக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 36 மி.மீ.தான் வேண்டும் என்ற எண்ணத்திலேயே இருந்தேன். இடையில் நண்பர் ஒருவரின் கிராண்ட் சீகோ ஸ்னோஃப்ளேக்கை ஒரு வாரம் கட்டிப் பார்த்ததில் மனம் அந்தப் பக்கமும் சாய்ந்தது. மூன்றும் லட்சக்கணக்கில் விலை போகிறவை என்றாலும், கல்யாண வீட்டுக்கு மட்டும் எடுத்துக் கட்டி மறுபடியும் பீரோவில் வைப்பதற்கானவை அல்ல. தினமும் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. அந்த நோக்கத்துக்கு எது பொருந்தும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். மூன்றிலும் சஃபையர் கண்ணாடிதான். எக்ஸ்ப்ளோரரும் ஸ்னோஃப்ளேக்கும் 100 மீட்டர் ஆழம்வரை நீர் தாங்கும், அக்வா டெர்ரா 150 மீட்டர்வரை. கை கழுவவும் மழையில் நனையவும் இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. நேரத் துல்லியத்தில் ரோலக்ஸ் ஒரு நாளைக்கு இரண்டு வினாடி கூடவோ குறையவோ செய்யலாம் என்கிறது. ஒமேகா பின்தங்காமல் ஐந்து வினாடிவரை முந்தலாம் என்கிறது. ஸ்னோஃப்ளேக்கில் உள்ள ஸ்பிரிங் டிரைவ், அதாவது வில்லின் விசையால் ஓடி மின்னணு முறையில் வேகம் சீராக்கப்படும் இயந்திரம், ஒரு வினாடிக்குள் நிற்கும். பேருந்தைத் தவறவிடாமல் இருக்க இவற்றில் எதுவும் போதும். 1953-இல் எவரெஸ்ட் உச்சி தொடப்பட்ட ஆண்டிலேயே எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரும் வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த வரலாறு, ஆனால் அது தேர்வுக்கு உதவாது.

தேர்வுக்கு உதவியது என் வேலை. கோயம்புத்தூரில் பம்பு மோட்டார் செய்யும் ஒரு பட்டறையில் தரச் சோதனையைப் பார்த்துக்கொள்கிறேன். மோட்டாரின் ஷாஃப்ட் கோணலின்றிச் சுழல்கிறதா என்று டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்துப் பார்ப்பது அன்றாட வேலை. அந்த டயல் கேஜைத் தாங்கும் மேக்னட் ஸ்டாண்டின் அடிக்கட்டையில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் இரும்பு மேசையை ‘டக்’கென்று பற்றிக்கொள்ளும், மறுபடியும் திருப்பினால் விட்டுவிடும். வலது கை ஷாஃப்டை மெல்லச் சுழற்றும்போது இடது கை அந்த அடிக்கட்டையின் மேல்தான் சாய்ந்திருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை கடிகாரம் அந்தக் காந்தத்துக்கு விரல்கடை தூரத்தில் வந்து போகிறது.

முன்பு என்னிடம் வேறொரு சுவிஸ் ஆட்டோமேடிக், அதாவது கையசைவில் தானாகச் சாவி ஏறும் கடிகாரம், இருந்தது. சனிக்கிழமை மாலை சரியாக வைத்த அந்தக் கடிகாரம், திங்கட்கிழமை காலை ஆலைச் சங்கு ஊதியபோது ஆறு நிமிடம் முந்திக் காட்டியது. எடுத்துச் சென்ற பெரிய கடையில், உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது, முழுதாகப் பிரித்து சர்வீஸ் செய்தால்தான் சரியாகும் என்றார்கள். நல்ல தொகை கொடுத்து, ஆறு வாரம் காத்திருந்து வாங்கினேன். இரண்டு மாதத்துக்குள் அதே போல மறுபடியும் ஓடத் தொடங்கியது. அதன் பிறகுதான் டவுன்ஹால் பக்கம் சிறிய கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் மூடியைத் திறக்கவே இல்லை. மேசையில் கிடந்த சிறிய திசைகாட்டியின் அருகே கடிகாரத்தைக் கொண்டுசென்றார். வடக்கு நோக்கி நின்ற முள் அப்படியே திரும்பிக் கடிகாரத்தின் பக்கம் வந்தது. “காந்தம் ஏறியிருக்குதுங்க தம்பி, எண்ணெயெல்லாம் ஒண்ணும் ஆகலைங்க” என்றார். நீல நிறப் பெட்டி ஒன்றின் மேல் கடிகாரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தி, மெல்ல மேலே தூக்கினார். திசைகாட்டியின் முள் அடுத்த முறை அசையவில்லை. காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

ஆட்டோமேடிக் கடிகாரத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது முடிபோன்ற ஒரு சுருள்வில், ஹேர்ஸ்பிரிங். சாதாரணக் கலவை உலோகத்தில் செய்த சுருளில் காந்தம் ஏறினால் அதன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, கடிகாரம் வேகமாக ஓடும். பழுது என்று சொல்ல உள்ளே எதுவும் இருக்காது. ஆனால் காரணம் தெரியாமல் ஒவ்வொரு முறையும் சர்வீஸுக்குக் கொடுத்தால், செலவு ஒருபுறம் இருக்க, தேவையில்லாமல் மூடியைத் திறப்பதும், கேஸ்கெட்டை மாற்றுவதும், நீர் புகாமல் இருக்கிறதா என்று மறுபடியும் அழுத்தச் சோதனை செய்வதும் சேர்ந்துகொள்ளும். பராமரிப்பு என்றால் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ், அதற்கு எவ்வளவு ஆகும் என்றுதான் பொதுவாகக் கேட்கிறோம். ஆண்டில் எத்தனை முறை அது கையைவிட்டுப் போகிறது என்பதே அன்றாடக் கடிகாரத்துக்கு முதன்மையான கேள்வி என்று அந்த அனுபவத்துக்குப் பிறகு நம்புகிறேன்.

இந்தக் கேள்விக்கு மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. காந்த எதிர்ப்புக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 764 தரம் கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர் காந்தப் புலத்தைத் தாங்குவது, அதாவது காந்தப் புலத்தை அளக்கும் காஸ் என்ற அலகில் சுமார் 60. ஸ்னோஃப்ளேக் அந்த அளவில்தான் நிற்கிறது. அதன் டயலில் பனி படிந்த நிலத்தைப் போன்ற வெண்மையும், துடிப்பின்றி வழுக்கிச் செல்லும் வினாடி முள்ளும், டைட்டானியத்தின் லேசான எடையும் அந்த ஒரு வாரத்தில் என்னை மயக்கின என்பது உண்மை. ஆயினும் மேக்னட் ஸ்டாண்டிலிருந்து கையைத் தள்ளி வைத்து நான் வேலை செய்ய முடியாது. ஒரு வாரப் பழக்கத்தை வைத்து அந்தக் கடிகாரத்தின் உழைப்பைப் பற்றித் தீர்ப்பு சொல்வதும் நியாயமாகாது. எனவே அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

எக்ஸ்ப்ளோரரின் நிலை இதைவிட நல்லது. 2021-இல் வந்த 36 மி.மீ. மாடலின் உள்ளே இருக்கும் 3230 காலிபர் என்ற இயந்திரத்தில் நயோபியம், சிர்கோனியம் கலந்த பாராக்ரோம் சுருள் இருக்கிறது. அதைக் காந்தம் எளிதில் பாதிக்காது. பற்சக்கரங்களைத் துடிப்புக்கேற்ப விட்டுவிட்டு நகரவிடும் எஸ்கேப்மென்ட் என்ற உறுப்பும் நிக்கல் பாஸ்பரஸில் செய்யப்பட்டது. அலுவலகத்தில் மடிக்கணினி, கைப்பேசி, காந்த மூடி போட்ட டேப்லெட் உறை ஆகியவற்றுக்கு நடுவே இருப்பவருக்கு இது தாராளமாகப் போதும் என்பது என் கணிப்பு. ஆனால் ரோலக்ஸ் 1956-இல் ஆயிரம் காஸ் என்ற எண்ணைப் பெயரிலேயே வைத்து மில்காஸ் என்ற கடிகாரத்தைச் செய்தது. 2023-இல் அதை நிறுத்தியும்விட்டது. அப்படி உறுதியாகச் சொல்லும் ஓர் எண் எக்ஸ்ப்ளோரருக்கு இல்லை. சோதனைப் பிரிவில் இருக்கும் எனக்கு எண் இல்லாத இடத்தில் மனம் நிற்பதில்லை.

அக்வா டெர்ரா அந்த எண்ணைத் தருகிறது: 15,000 காஸ். மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் எம்ஆர்ஐ கருவிகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா அளவு இதுவே. சுவிட்சர்லாந்தின் அரசு அளவியல் நிறுவனமான மெட்டாஸ் வகுத்த முறையில், கடிகாரத்தை அந்தக் காந்தப் புலத்துக்கு உட்படுத்திச் சோதித்த பிறகுதான் மாஸ்டர் குரோனோமீட்டர் என்று சான்று கொடுக்கிறார்கள். பழைய காந்த எதிர்ப்புக் கடிகாரங்களில் மென்னிரும்புக் கூடு ஒன்றுக்குள் இயந்திரத்தை வைத்துக் காப்பாற்றினார்கள். அக்வா டெர்ராவின் 8800 காலிபரில் கூடு இல்லை. ஹேர்ஸ்பிரிங் சிலிக்கானில் செய்யப்பட்டிருக்கிறது, மற்ற முக்கிய உறுப்புகளும் காந்தம் ஏறாத உலோகங்களில் ஆனவை. கூடு தேவையில்லை என்பதால்தான் பின்மூடியிலும் கண்ணாடி வைக்க முடிந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அதே மேசையில், அதே அடிக்கட்டையின் மேல் சாய்ந்துதான் வேலை செய்கிறேன். மாதத் தொடக்கத்தில் சரி செய்து வைத்தால் மாத முடிவில் ஒரு நிமிடம் முந்துகிறது. முதல் மாதமும் இதே கணக்குதான், சென்ற மாதமும் இதே கணக்குதான். ஒருமுறைகூட கடைக்கு எடுத்துப் போகவில்லை. பெரியவரின் திசைகாட்டியைப் பார்த்த எனக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேறில்லை.

எக்ஸ்ப்ளோரர் மேலாக நிற்கும் இடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கழற்றி வைத்தால் அது 70 மணி நேரம் ஓடும், அக்வா டெர்ரா 55 மணி நேரம். எனக்குச் சோதனைத் தாளில் தேதி எழுத வேண்டியிருப்பதால் ஆறு மணி இடத்தில் உள்ள தேதி பயன்படுகிறது; தேதி வேண்டாதவருக்கு எக்ஸ்ப்ளோரரின் வெற்று டயல் இன்னும் தெளிவாக இருக்கும். விற்க நேர்ந்தால் எக்ஸ்ப்ளோரர் வாங்கிய விலையை ஒட்டியே போகும், அக்வா டெர்ரா கணிசமாகக் குறைந்துதான் போகும். நான் விற்பதற்காக வாங்கவில்லை, ஆனால் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கடிகாரம் மாற்றும் பழக்கம் உள்ளவர் இந்த ஒரு காரணத்துக்காகவே ரோலக்ஸ் பக்கம் போவது சரி; விற்பனையகத்தில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பொறுமையும் அவருக்கு வேண்டும். முழு சர்வீஸுக்கு ரோலக்ஸ் சுமார் பத்து ஆண்டு இடைவெளியையும், ஒமேகா ஐந்து முதல் எட்டு ஆண்டையும் பரிந்துரைக்கின்றன. என்னுடையது இன்னும் அந்தக் கட்டத்தை எட்டவில்லை. கோஆக்சியல் என்ற தனி வகை எஸ்கேப்மென்ட் உள்ள இந்த இயந்திரத்தைத் தெருமுனைக் கடையில் பிரிக்கச் சொல்ல முடியாது என்பதால், அந்தச் செலவு வரும்போது பெரிதாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது செயின்தான். எக்ஸ்ப்ளோரரின் கொக்கிக்குள் ஈஸிலிங்க் என்ற சிறு கண்ணி மடிந்திருக்கும். வெயிலில் மணிக்கட்டு வீங்கினால் விரலாலேயே அதை விரித்து 5 மி.மீ. தளர்த்திக்கொள்ளலாம். என் அக்வா டெர்ராவின் இரட்டை மடிப்புக் கொக்கியில் அப்படி எதுவும் இல்லை. சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மேல் செயின் தோலில் பதிந்து சிவந்த கோடு விழுகிறது. அதனால் மார்ச்சில் ஒரு கண்ணியைச் சேர்ப்பதும், ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கியதும் அதைக் கழற்றுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த வேலைக்கு அதே டவுன்ஹால் பெரியவரிடம்தான் போகிறேன். ஒவ்வொரு முறையும் கண்ணியில் கை வைப்பதற்கு முன் அவர் திசைகாட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்.