நக்கிள்ஸ் காடா, பெக்கோ ட்ரெயிலா? மலையில் நாலு நாள் நடக்க

இரண்டையும் நடந்து பார்த்தாயிற்று. 2023 ஒக்டோபரில் இலங்கை மலைநாட்டின் நக்கிள்ஸ் மலைக்காட்டில் டென்டோடு மூன்று நாள். 2024 பெப்ரவரியில் தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போகும் பெக்கோ ட்ரெயில் என்ற நடைபாதையில் வட்டகொடையிலிருந்து டயகம வரை நாலு நாள். இரண்டு முறையும் நானும் மச்சானும்தான். "பையைத் தூக்கிக்கிட்டு மலையில நாலு நாள் நடக்கணும், எங்க போகலாம்?" என்று யாராவது கேட்டால் நான் பெக்கோ என்பேன், அவன் நக்கிள்ஸ் என்பான். இது என் பக்கத்து வாதம்.

அழகு என்று பார்த்தால் நக்கிள்ஸ்தான், அதில் பேச்சே இல்லை. ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த காடு அது. உயரமான கொம்பனியா சிகரம் 1,900 மீற்றரைத் தாண்டும். மேலே போகப் போக மரங்கள் காற்றில் முறுகி ஆள் உயரத்துக்குக் குறுகிவிடும். அந்த அமைதி தேயிலை மலையில் கிடைக்காது. பெக்கோவில் எங்கே நின்று மூச்சு வாங்கினாலும் ஏதோ ஒரு தோட்டத்துக் கோயில் ஸ்பீக்கர் கேட்கும். ஹோட்டன் சமவெளியையும் சிலர் சொல்வார்கள். பெரும்பாலானோர் விடியக்காலை போய் மதியம் திரும்புகிற இடம் என்பதால் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பெக்கோ கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல், 22 கட்டம். நாளைக்கு ஒரு கட்டம் என்றால் சராசரி 14 கிலோமீற்றர் வரும். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்ட லூல்கந்துரயும் வழியில் வருகிறது. எங்கள் அப்பாயி கூடையோடு ஏறி இறங்கிய மாதிரிப் பாதைகள்தான். இதற்கு இப்போது ட்ரெயில் என்று பெயர் என்று சொன்னால் சிரித்திருப்பாள். நோர்வூட் பக்கம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவும் எங்கள் பையைப் பார்த்துவிட்டு, "தம்பி, அதான் பஸ் ஓடுதே, ஏன் நடக்கிறீங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் முடிவைத் தீர்மானித்தது ஏற்றமும் இல்லை, செலவும் இல்லை. ஈரம்.

நக்கிள்ஸ் போனபோது என் பை 13 கிலோ. டென்ட், படுக்கைப் பை, கேஸ் அடுப்பு, அரிசி, பருப்பு, டின் மீன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் இடியோடு பிடித்த மழை இருட்டும் வரை விடவில்லை. ஒக்டோபரில் அப்படித்தான் வரும், தெரிந்தேதான் போனோம். நனைவது பெரிய காரியமில்லை. நனைந்தது காயாததுதான் பிரச்சினை. அந்தக் காட்டில் நெருப்பு மூட்டக் கூடாது, மூட்டலாம் என்றாலும் காய்ந்த சுள்ளி கிடையாது. காலையில் முதல் வேலை, காலுறையைப் பிழிந்து அதையே திரும்ப மாட்டுவது. சப்பாத்துக்குள் கால் போகும்போது 'சளக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அத்தோடு அன்றைய உற்சாகம் பாதி போய்விடும். டென்டை ஈரத்தோடு சுருட்டிக் கட்டியதில் பை முதல் நாளைவிடக் கனத்தது. இரண்டு நாள் சோறும் டின் மீனும் தீர்ந்து இலேசாகியிருக்க வேண்டிய பை! மூன்றாம் நாள் குதிகால் தோல் வெந்து உரிந்துவிட்டது. மீமுரேக்கு இறங்கியபோது லக்கேகல மலை எதிரே எழும்பி நின்றது. நான் குனிந்து காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர் அம்மா ஒருவர் பிளேன்டியும் கித்துல் கருப்பட்டியும் தந்ததுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

பெக்கோவிலும் மழை விட்டுவைக்கவில்லை. மூன்றாம் நாள் பொகவந்தலாவைக்கு இறங்கும்போது தொப்பலாக நனைந்தோம். அன்றைக்கு இரவு சித்தி வீட்டில். லயத்து வீடுதான், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, சின்னக் குசினி. சித்தி எங்கள் சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, விறகடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காலுறையும் சட்டையும் தொங்கின. படுக்கப் போகுமுன் ஒரு தடவை தாளை மாற்றினார். காலையில் எல்லாவற்றிலும் புகை வாடை, ஆனால் மொரமொரவென்று காய்ந்திருந்தது. நாலாம் நாள் கால் முதல் நாள் மாதிரியே இருந்தது. பையும் ஐந்து கிலோதான், டென்டும் அடுப்பும் எதற்கு? முடியாவிட்டால் ரோட்டுக்கு இறங்கி பஸ் பிடிக்கலாம் என்ற தைரியம் வேறு.

இதில் நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. எங்களுக்கு வழியில் சொந்தக்காரர் உண்டு, மூன்று இரவில் இரண்டு அவர்கள் வீட்டில் கழிந்தது. அப்படி இல்லாதவர்கள் ஒவ்வொரு கட்டமும் முடிகிற இடத்தில் முன்கூட்டியே அறை பேசி வைக்க வேண்டும், அடுப்பு எரிகிற வீடாகப் பார்த்துக் கேட்டால் நல்லது. ஒக்டோபர் நக்கிள்ஸையும் பெப்ரவரி பெக்கோவையும் ஒப்பிடுவதே கள்ளக் கணக்கு என்று மச்சான் சொல்வான். அதுவும் சரிதான். நான் நடந்தது 22இல் நாலே கட்டம், பாதை போகும் ஊவா மாகாணத்துப் பக்கம் கால் வைக்கவில்லை.

அட்டை இரண்டு இடத்திலும் கடிக்கும். காலுறையில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போங்கள். நக்கிள்ஸில் கூடாரம் போட வனத் திணைக்களத்தில் அனுமதி எடுக்க வேண்டும், ஊர்க்காரர் ஒருவரையும் கூட்டிப் போங்கள், மூடுபனி இறங்கினால் வந்த பாதையே தெரியாது. பெக்கோவில் தொல்லை என்றால் லயத்து நாய்கள்தான். கையில் ஒரு கம்பு இருந்தால் போதும், ஓங்கக்கூடத் தேவையில்லை. ஒன்று மட்டும்: கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள், அவர்கள் வேலையில் நிற்கிறார்கள்.

ஓகஸ்டில் நக்கிள்ஸின் கிழக்குப் பக்கம் காய்ந்து கிடக்கும், திரும்பப் போவோம் என்று மச்சான் இப்போதே நச்சரிக்கிறான். டென்டை அவன் தூக்குவதாக இருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.