ஒரே விவாதம், எங்கள் வீட்டில் நாலு தீர்ப்பு

2024 ஜூன் 27, வியாழக்கிழமை இரவு 9 மணி. அட்லாண்டாவில் சி.என்.என். ஸ்டுடியோவில் ஜனாதிபதித் தேர்தல் விவாதத்துக்காக பைடனும் ட்ரம்பும். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு ஹாலில் நானும் மாமனாரும். மாமா மதுரையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார். அரசு பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், இங்கிலீஷ் பேப்பர் தினமும் வரிவிடாமல் படிப்பார், ஆனால் அமெரிக்கக்காரர் வாயைத் திறந்தால் பத்தில் இரண்டு வார்த்தைதான் பிடிபடும். மனைவி நர்ஸ். டூட்டி முடிந்து காரில் வந்துகொண்டிருந்தாள், ரேடியோவில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. பிளஸ் ஒன் வயதில் ஒரு மகள், மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது பேச்சு வந்தது. நாலு பேரும் நாலு விவாதத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. மாமா படத்தை மட்டும் பார்த்திருந்தார். மனைவி குரலை மட்டும் கேட்டிருந்தாள். மகள் காலையில் எழுந்து செல்போனில் துணுக்குத் துணுக்காகப் பார்த்திருந்தாள். நான் முழுசாகப் பார்த்தேன்தான், ஆனால் எனக்கு ஒரு வியாதி, மறுநாள் பேச்சு முழுவதும் எழுத்தில் வந்ததும் அதை உட்கார்ந்து படித்தால்தான் பார்த்த மாதிரியே இருக்கும். செப்டம்பர் 10 அன்று பிலடெல்ஃபியாவில் ட்ரம்பும் கமலா ஹாரிஸும் மோதியபோதும் கிட்டத்தட்ட இதே கதைதான். இந்த நாலில் எது தேவலை என்று அப்போதிருந்து வீட்டில் சண்டை.

முதலில் மாமாவின் வழி. அதாவது, வசனம் புரியாத படம்.

அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "மாப்பிள்ளை, இந்தப் பெரியவருக்கு உடம்பு முடியலையா?" என்றார். ட்ரம்ப் பேசும்போதும் திரையின் மறுபாதியில் பைடன் இருந்தார், வாய் லேசாகத் திறந்தபடி, கண் எங்கேயோ நிலைகுத்தி. நான் பேச்சைக் கவனித்துக்கொண்டிருந்ததால் அது எனக்கு உறைக்கவில்லை. மாமா சொன்ன காரணம் அவர் தொழிலிலிருந்து வந்தது: பஸ்ஸில் ஏறியதும் யாரிடமும் டிக்கெட் கேட்கமாட்டாராம், முதலில் முகங்களைப் பார்ப்பாராம், எடுக்காதவன் ஜன்னல் பக்கம் திரும்புவான், இல்லையென்றால் சம்பந்தமில்லாமல் சிரிப்பான். "பேசுறவனைப் பார்க்கக் கூடாது, சும்மா நிக்கிறவனைப் பாருங்க." பன்னிரண்டாவது நிமிஷம் வாக்கில் பைடன் ஏதோ கணக்குச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் அறுந்து, கடைசியில் "மெடிகேரைத் தோற்கடித்துவிட்டோம்" என்று முடித்தார். வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு அது. அதை ஏன் தோற்கடிக்க வேண்டும் என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு வாக்கியமே புரியவில்லை, ஆனால் "ச்சு" கொட்டினார். சரியாக 24 நாள் கழித்து, ஜூலை 21 அன்று, பைடன் போட்டியிலிருந்து விலகினார். ஆங்கிலம் புரிந்த நான் அன்றைக்கு இரவு "இது ஒரு மாதிரி சமாளித்துவிடுவார்கள்" என்று சொன்னதை மாமா இன்னும் மறக்கவில்லை.

இந்த வழிக்கு ஒரு பரம்பரையே உண்டு. 1960 செப்டம்பர் 26, சிகாகோ. முதல் தொலைக்காட்சி விவாதம். நிக்சன் முழங்கால் புண் சீழ்பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்து, இளைத்துப்போய் வந்திருந்தார். மேக்கப் வேண்டாம் என்று தாடி நிழலை மறைக்க ஏதோ பவுடரை அப்பிக்கொண்டார், போட்டிருந்த சாம்பல் நிறக் கோட்டும் பின்சுவரும் கறுப்பு வெள்ளைத் திரையில் ஒன்றாகக் கலந்துவிட்டன. எதிரே கென்னடி வெயிலில் காய்ந்த நிறத்தோடு, கருநிறக் கோட்டில். 1992இல் பெரிய புஷ் பொதுமக்கள் கேள்வி கேட்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தொலைத்தார். 1976இல் ஃபோர்டு – கார்ட்டர் முதல் விவாதத்தில் ஒலி அறுந்துபோய் 27 நிமிஷம் இரண்டு பேரும் மேடையில் மரம் மாதிரி நின்றார்கள். நாடே கொஞ்ச நேரம் மாமா மாதிரி பார்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 27 நிமிஷத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவுமில்லை.

ஆனால் இதில் உள்ள ஓட்டை செப்டம்பரில் தெரிந்தது. அதற்குள் மாமா மதுரை திரும்பியிருந்தார். இங்கே இரவு 9 என்றால் அங்கே மறுநாள் காலை 6:30, பல் தேய்த்த கையோடு உட்கார்ந்துவிட்டார். கமலா நேராக ட்ரம்ப் நின்ற மேசைவரை நடந்துபோய்க் கை நீட்டினார், அதோடு மாமா கணக்கை முடித்துவிட்டார். விவாதம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "நம்ம மன்னார்குடிப் பக்கத்துப் பொண்ணு பின்னிட்டா" என்றார். கமலாவின் தாய்வழித் தாத்தாவுக்கு துளசேந்திரபுரம் பூர்வீகம், அது உண்மை. ஆனால் அந்தப் பாசத்தோடு முகத்தைப் பார்த்தால் முகம் வேறு மாதிரிதானே தெரியும்? அவர் தீர்ப்பு தப்பு என்று சொல்லவில்லை. விவாதம் முடிந்ததும் சி.என்.என். எடுத்த கருத்துக் கணிப்பில் பார்த்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் கமலா, 37 பேர் ட்ரம்ப் ஜெயித்ததாகச் சொன்னார்கள். ஜூனில் அதே சேனல் எடுத்ததில் ட்ரம்ப் 67, பைடன் 33. ஜூன் முடிவு ஒருவரை வீட்டுக்கே அனுப்பியது, செப்டம்பர் முடிவு தேர்தல் நாளான நவம்பர் 5 அன்று கமலாவுக்கு எதற்கும் உதவவில்லை.

அப்புறம் மனைவியின் ரேடியோ. நாற்பது நிமிஷம் ஓட்டிக்கொண்டே கேட்டாள், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இன்னும் பத்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வந்ததும் முதல் வார்த்தை, "அவருக்குத் தொண்டை கட்டியிருக்குங்க, நெஞ்சுல சளி." நர்ஸ் காது. விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே பைடன் தரப்பு பத்திரிகைக்காரர்களிடம் சொன்னதும் அதுதான், சளி என்று. மாமா பார்த்தது முதுமை, இவள் கேட்டது ஜலதோஷம். இரண்டும் ஒரே ஆள்தான். ட்ரம்பைப் பற்றி அவள் சொன்னது: "பொய்யோ மெய்யோ, மூச்சு வாங்காம சொல்றார்."

ஆனால் ஒரு விஷயத்தில் எங்களில் யாரையும்விட அவள்தான் உருப்படியாகக் கவனித்திருந்தாள். என்ன கேள்வி கேட்டார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள டே கேர் கட்டணம் விண்ணைத் தொடுகிறதே, என்ன செய்வீர்கள் என்று விவாதத்தை நடத்திய ஜேக் டேப்பர் கேட்டார், ட்ரம்ப் தான் யார் யாரை வேலையை விட்டுத் தூக்கினேன் என்று பேசினார். நான் அப்போது ட்ரம்பின் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போல, எனக்குக் கேள்வி நினைவே இல்லை. மகளுக்கு டே கேர் கட்டிய நாட்கள் மனைவிக்கு மறக்குமா? "கேட்டதுக்கு ஒரு ஆளும் பதில் சொல்லல" என்று காரிலேயே கத்தினாளாம்.

2024இன் இரண்டு விவாதங்களிலும் ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் கிடையாது, ஒருவர் பேசும்போது மற்றவர் மைக் அடைக்கப்பட்டிருந்தது. ரேடியோ கேட்பவருக்கு இது பெரிய உபகாரம், கைதட்டலும் கூச்சலும் நம் காதில் தீர்ப்பை ஓதாது. 2020இல் கிளீவ்லாந்தில் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசிய அந்த முதல் விவாதத்தை ரேடியோவில் கேட்டிருந்தால் தலைவலி மாத்திரைதான் தேவைப்பட்டிருக்கும். ஆனால் மைக்கை அடைத்தாலும் முகத்தை அடைக்க முடியாதே. செப்டம்பரில் கமலா முகவாயில் கை வைத்து ட்ரம்பை வேடிக்கை பார்த்தது, புருவத்தைத் தூக்கியது, சிரித்தது, எதுவும் ரேடியோவில் வராது. மனைவிக்கு அந்த விவாதம் ஏறக்குறைய சமம் என்றே பட்டது. படம் பார்த்தவர்கள் அவ்வளவு பேர் கமலா பக்கம் சாய்ந்ததில் பாதி அந்தப் பேசாத முகத்துக்குத்தான் என்பது என் சந்தேகம்.

1960இல் ரேடியோ கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றும் டிவி பார்த்தவர்கள் கென்னடி என்றும் சொன்னதாக எல்லோரும் எழுதுவார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் ஒரே ஒரு கணிப்பு, அதில் ரேடியோ கேட்டவர்கள் 282 பேர்தான், அவர்கள் ஏற்கெனவே யார் பக்கம் என்பதும் சரியாகப் பார்க்கப்படவில்லை. சரி, கட்டுக்கதை என்று தள்ளிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. ஜேம்ஸ் ட்ரக்மன் என்ற ஆய்வாளர் பழைய விவாதத்தைச் சிலருக்குப் படமாகவும் சிலருக்கு ஒலியாக மட்டும் போட்டுக் காட்டி 2003இல் வெளியிட்ட ஆய்விலும், படம் பார்த்தவர்கள்தான் கென்னடி பக்கம் அதிகம் சாய்ந்தார்கள்.

மகளின் வழியைப் பற்றி நான் நியாயமாக எழுதமாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜூன் 28 காலை அவள் பார்த்தது ஐந்து துணுக்குகள், அதில் மூன்று மெடிகேர். செப்டம்பரில் ஓஹயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாயைத் தின்கிறார்கள், பூனையைத் தின்கிறார்கள் என்று ட்ரம்ப் சொன்னது. அதற்கு மெட்டுப் போட்டுப் பாட்டாக்கியே விட்டார்கள், வீட்டில் ஒரு வாரம் அதுதான் ஓடியது. அந்த ஊர் நிர்வாகியிடம் கேட்டோம், நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்றார் என விவாதத்தை நடத்திய டேவிட் மியூர் உடனே அங்கேயே சொன்னது பாட்டில் வரவில்லை.

இதைச் செல்போன் பிள்ளைகளின் குற்றம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. 1976 அக்டோபர் 6, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றிரவு பார்த்த ஜனங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஃபோர்டு நன்றாகத்தான் பேசினார் என்றார்கள். மறுநாள் முழுக்கப் பேப்பரும் டிவியும் அந்த ஒரு வரியையே வறுத்தெடுத்த பிறகு கேட்டபோது, கார்ட்டர் அமோகமாக ஜெயித்ததாகச் சொன்னார்கள். அன்றைக்கும் துணுக்குதான். இதை நான் மகளிடம் சொல்லப்போக, அவள் பதிலுக்கு, "தொண்ணூறு நிமிஷம் பார்த்தீங்களேப்பா, இப்ப உங்களுக்கு ஞாபகம் இருக்கறதும் அதே அஞ்சுதானே?" என்றாள். இருந்தது ஆறு. சொல்லவில்லை.

நண்பர்கள் வீட்டில் கூட்டமாகப் பார்ப்பது என்று இன்னொன்று உண்டு. பிரியாணி நன்றாக இருக்கும். விவாதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கடைசியாக என் வழி, பென்சிலும் காகிதமும். பேச்சின் எழுத்து வடிவத்தை அச்செடுத்து, கேட்ட கேள்விக்குப் பதில் வந்த இடத்தில் ஒரு கோடு, வராத இடத்தில் ஒரு சுழி. இதில் அழகும் கிடையாது, தொண்டையும் கிடையாது. தேர்தல் முடிவை ஏற்பீர்களா என்று டேப்பரோடு விவாதத்தை நடத்திய டேனா பேஷ் ஜூனில் ட்ரம்பிடம் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது, கடைசியில் நியாயமான தேர்தலாக இருந்தால் ஏற்பேன் என்று நிபந்தனையோடு வந்தது, இரண்டு சுழி, அரைக் கோடு. செப்டம்பரில் கமலாவுக்கு விழுந்த முதல் கேள்வியே, நாலு வருஷத்துக்கு முன்பைவிட மக்கள் நன்றாக இருக்கிறார்களா? அவர் தான் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்த கதையைச் சொன்னார். டிவியில் பார்த்தபோது எனக்கு அது பதில் மாதிரியே இருந்தது. காகிதத்தில் சுழி. மாமாவிடம் சொன்னேன், "அதெல்லாம் சின்ன விஷயம் மாப்பிள்ளை" என்றார். ட்ரம்புக்கு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டா என்று கேட்டால், திட்டத்துக்கான யோசனைகள் உண்டு என்றார். அதற்கு எந்தக் குறி போடுவது என்று தெரியாமல் கேள்விக்குறி போட்டேன்.

என் வழியின் கோளாறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூன் விவாதத்தை நான் படித்து மட்டும் இருந்தால், பைடன் சில இடத்தில் வாக்கியத்தைக் கோட்டைவிட்டார், மற்றபடி புள்ளிவிவரம் சொன்னார், ட்ரம்ப் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினார் என்று எழுதி வைத்திருப்பேன். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அன்றிரவே ஏன் அலறினார்கள் என்று விளங்கியே இருக்காது. இங்கிலீஷ் பிடிபடாத மனிதருக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்த சமாச்சாரம், எனக்குப் பல பக்கத்திலும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு வழிதான் என்று கட்டாயப்படுத்தினால் நான் மனைவி கட்சி. ரேடியோ. ஆள் தெம்பாக இருக்கிறாரா என்பதும் ஓரளவு தெரியும், என்ன கேட்டார்கள் என்பதும் மனசில் நிற்கும், கை வேலையும் நடக்கும். நேரம் இருந்தால் அடுத்த நாள் எழுத்தில் படிக்கலாம். படத்தைப் பத்து நிமிஷம் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தால் போதும், பேசாதவர் முகத்தை. அந்தப் பத்து நிமிஷத்தைத் துணுக்கில் தேடாதீர்கள், யாரோ உங்களுக்காகப் பொறுக்கி வைத்ததுதான் அங்கே இருக்கும்.

மாமா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜூன் விவாதத்தின் கடைசிப் பகுதியில் இரண்டு பேரும் திடீரென்று கோபமாக ஏதோ சண்டை போட்டார்களே, அது எந்த நாட்டு யுத்தத்தைப் பற்றி என்று அப்போதே கேட்டார். கோல்ஃப் மாமா, என்றேன். வயசாகிவிட்டதே என்று கேட்டதற்கு ட்ரம்ப் தான் இரண்டு கிளப் சாம்பியன்ஷிப் ஜெயித்ததைச் சொல்ல, பைடன் உன் பையை நீயே தூக்கினால் விளையாட வருகிறேன் என்று சொல்லி, கோல்ஃபில் தன் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால்தான் பெருமை) 6 என்றும் கொஞ்ச நேரத்தில் 8 என்றும் சொன்னார். மாமா என் முகத்தையே பார்த்தார், நான் ஏதோ டிக்கெட் எடுக்காதவன் மாதிரி. "விளையாடாதீங்க மாப்பிள்ளை, நிஜத்தைச் சொல்லுங்க" என்றார். அச்செடுத்த காகிதத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டியதாகிவிட்டது.