ஏற்காடு லிங்க்குக்கு எது சரி: ஸ்டாட்டிக்கா, ரிப்பா, ஓஎஸ்பிஎஃப்பா?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இரண்டு வழி. அடிவாரம் பக்கம் போனால் 20 கொண்டை ஊசி வளைவு. இல்லையென்றால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். மழைக்கு மண் சரிந்து ஒரு வழி அடைபட்டால், அது கீழே இருக்கும் டிரைவருக்கு எப்போது தெரிகிறது? நெட்வொர்க்கில் தரவுக்கு வழி காட்டுவது ரூட்டிங். அங்கே ஒரு வழி மாறியது எல்லா ரவுட்டருக்கும் (வழி காட்டும் கருவி) தெரிந்து சரியாவதற்குப் பெயர் கன்வெர்ஜென்ஸ். ரவுட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் புரோட்டோகாலை (ரிப், ஓஎஸ்பிஎஃப் போன்றவை) தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரு காபி வியாபார நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். சேலம் ஐந்து ரோட்டில் தலைமை ஆபீஸ், செவ்வாய்ப்பேட்டையில் குடோன், ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸ். எஸ்டேட்டிலிருந்து ஐந்து ரோட்டுக்கு நேராக ரேடியோ லிங்க். கிடைப்பது 10 எம்பிபிஎஸ். எஸ்டேட்டிலிருந்து குடோன், அங்கிருந்து ஐந்து ரோடு என்று சுற்றி வரும் ஃபைபர் 100 எம்பிபிஎஸ்.

ஸ்டாட்டிக் ரூட் என்றால் வழியை நாமே கையால் எழுதிவிடுவது. சிஸ்கோ ரவுட்டர் கணக்கில் அதன் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (யார் சொன்ன வழியை முதலில் நம்புவது என்ற எண்) 1. ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120. எண் குறைந்தால் நம்பிக்கை அதிகம். மாற்று வழியை 200 போட்டு எழுதி வைத்தால் முதல் வழி போனதும் அது எழும். ஆனால் முதல் வழி போனது ரவுட்டருக்குத் தெரிய வேண்டுமே! எஸ்டேட் சில்வர் ஓக் வளர்ந்து ரேடியோவின் பார்வைக்கு நடுவே வந்துவிட்டால், நனைந்த இலைகள் சிக்னலைத் தின்றுவிடும். ஐந்து ரோட்டு ரேடியோவுக்கு மின்சாரம் இருக்கிறது, போர்ட் விளக்கு பச்சையாகவே எரிகிறது. அந்த ரூட், ரவுட்டரின் டேபிளை (வழிப் பட்டியல்) விட்டு நகராது. பாக்கெட் (தரவுத் துண்டு) எல்லாம் பாழ். எதிர்முனையை பிங் செய்து (பதில் வருகிறதா என்று சிறு பாக்கெட் அனுப்பி) பார்த்து ரூட்டை நீக்கும் வசதியையும் சேர்த்தால்தான் இது உருப்படும். ஒரே லைன் உள்ள கிளைக்கு அதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் அந்த ஒரே பக்கம் அனுப்பும் ஒரு டீஃபால்ட் ரூட் போதும்.

ரிப் ஹாப்பை, அதாவது வழியில் எத்தனை ரவுட்டர் என்பதை மட்டும் எண்ணும். நேர் வழி ஒரு ஹாப் குறைவு, எனவே 10 எம்பிபிஎஸ் ரேடியோவைப் பிடித்துக்கொள்ளும். ஃபைபர் சும்மா கிடக்கும். 30 வினாடிக்கு ஒருமுறை அப்டேட். பக்கத்து ரவுட்டர் பேசாமல் போனால் 180 வினாடி கழித்துத்தான் அந்த வழியைக் கைவிடும். மூன்று நிமிடம் பில்லிங் நிற்கும். வேறெதுவும் தெரியாத பழைய கருவி இருந்தாலொழிய இதைத் தொட வேண்டாம். தொட்டாலும் இரண்டாம் பதிப்புதான். முதலாவது சப்நெட் மாஸ்க்கை (நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் எண்) அனுப்பாது.

ஓஎஸ்பிஎஃப் முழு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு காஸ்ட் (ஒவ்வொரு லிங்க்குக்கும் தரும் 'செலவு' எண்) குறைந்த வழியைக் கணக்கிடுகிறது. ஈதர்நெட்டில் 10 வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு ஹலோ. 40 வினாடி வராவிட்டால் அந்த அண்டை ரவுட்டரை விட்டுவிடும். எங்கள் தேர்வு இதுதான், ஆனால் போட்டவுடன் சரியாகிவிடாது. காஸ்ட் போர்ட்டின் வேகத்தைப் பார்க்கிறது, ரேடியோவின் வேகத்தை அல்ல. எல்லாம் 1 ஜிபிபிஎஸ் போர்ட் என்றால், வழக்கமான 100 எம்பிபிஎஸ் ரெஃபரன்ஸில் (அதைப் போர்ட் வேகத்தால் வகுத்தால் வருவது காஸ்ட், குறைந்தது 1) ஒவ்வொன்றுக்கும் காஸ்ட் 1. ரேடியோ 1, ஃபைபர் 1+1=2. ரிப் செய்த அதே தப்பு! ஃபைபர் போர்ட்டுகளுக்கு 10, ரேடியோவுக்கு 100 என்று கையால் போடுங்கள். இரு முனையிலும் போட வேண்டும். மறந்தால் போவது ஒரு வழி, வருவது வேறு வழி.

ஏரியா (ஓஎஸ்பிஎஃப் பிரிக்கும் பகுதி) எண், ஹலோ நேரம், மாஸ்க் ஒத்துப்போகாவிட்டால் அண்டை உறவே அமையாது. எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) ஒருபக்கம் 1500, மறுபக்கம் 1492 என்றிருந்தால், வரைபடத்தைப் பரிமாறத் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே தொங்கும். பிங் போவதால் பலர் இதைச் சந்தேகிப்பதே இல்லை.

இணைய நிறுவனங்களோடு வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் பிஜிபி இந்த அளவுக்குத் தேவையில்லை. சொந்த ஐபி முகவரிகளோடு இரண்டு இணைய நிறுவனங்களிடம் லைன் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சோதிக்கும்போது ஐந்து ரோட்டில் கேபிளைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். போர்ட் அணைவதால் அந்த முனையில் ஸ்டாட்டிக்கூட உடனே மாறும், நல்லதுபோலத் தெரியும். ரேடியோ வழியில் டிராஃபிக் போகும்படி ஃபைபர் காஸ்ட்டைத் தற்காலிகமாக ஏற்றிவிட்டு, ஏற்காட்டில் ரேடியோவின் அலையை மட்டும் நிறுத்துங்கள், மின்சாரத்தை அல்ல; இரு முனையிலும் போர்ட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். கீழே பிங்கை ஓடவிட்டு எத்தனை வினாடியில் திரும்புகிறது என்று எண்ணுங்கள்.