அழகுத் தொட்டியும் அடியில் தேங்கும் நீரும்

அழகுக்காகச் செய்யப்படும் தொட்டிகளில் பலவற்றுக்கு அடியில் துளையே இருப்பதில்லை. சின்னதொரு அடுக்குமாடி வீட்டில், ஒரு ஜன்னலையும் ஒரு குறுகலான பால்கனியையும் நம்பிப் புதினா, கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சை, கற்பூரவல்லி, ரோஸ்மேரி ஆகியவற்றைச் சில ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். எந்தத் தொட்டியைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது இப்போது பழகிவிட்டது.

துளையில்லாத பீங்கான் தொட்டிக்குப் பலரும் சொல்லும் வைத்தியம், அடியில் கூழாங்கல் பரப்புவது. அது உதவாது. மண்ணின் நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மண் முழுக்க நனைந்து ததும்பும் வரை நீர் கல்லுக்குள் இறங்காது. ஆகவே ஈரம் தேங்கும் அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி நிற்கிறது, வேருக்கான இடம்தான் குறைகிறது. காற்று கிடைக்காத வேர் அழுகத் தொடங்கும்போது இலைகள் வாடித் தொங்கும். அதைப் பார்ப்பவர் செடிக்குத் தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றுவார்.

எனக்குக் கைகொடுத்தது இரட்டைத் தொட்டி முறை. துளையுள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில் செடி. அதை அப்படியே பீங்கானுக்குள் இறக்கி வைத்துவிடலாம். பீங்கான் வெறும் சட்டைதான். நீர் விடும்போது உள்தொட்டியைத் தூக்கிக் கழுவுதொட்டியில் வைத்து நன்றாக ஊற்றி, கால் மணி நேரம் வடியவிட்டு, திரும்ப வைக்கிறேன். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தூக்குவதற்குள் பாதி இலை ஒடிந்துவிடும். அறையின் தோற்றத்தை மாற்றத் தோன்றினால் சட்டையை மாற்றினால் போதும், வேருக்குத் தொந்தரவு இல்லை.

சுடுமண் தொட்டி வேறு குணம். அதன் பக்கச்சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாவதால், வறண்ட மண்ணை விரும்பும் ரோஸ்மேரி அதில் செழிக்கிறது. அதே தொட்டியில் புதினாவை வைத்தால் வெயில் நாள்களில் காலையும் மாலையும் தண்ணீர் கேட்கும். நாள்பட வெளிப்புறத்தில் வெள்ளைப் பூப்போல் படிவது நீரிலும் உரத்திலும் உள்ள உப்பு. துடைத்தால் போகும், சிலருக்கு அந்தப் பழமைத் தோற்றம் பிடிக்கவும் செய்யும். மரப்பலகை மீது வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சுடுமண் தட்டும் ஈரம் கசியும், பலகையில் வட்டக்கறை விழும். மெருகிட்ட தட்டை வைத்தால் பிழைத்தீர்கள். தகரத் தொட்டி நேரடி வெயிலில் கொதிக்கிறது, அதை நிழலுக்கே ஒதுக்கினேன். கயிற்று வலையில் தொங்கவிடும் தொட்டிகள் புகைப்படத்துக்கு அருமை. ஆனால் கூரையருகே வெளிச்சம் குறைவு, ஊற்றுவதற்கு நாற்காலி மேல் ஏறவேண்டும். நான் தொங்கவிட்டிருந்த இரண்டையும் இறக்கி வைத்துவிட்டேன்.

அடியில் நீர்த்தேக்கம் உள்ள, தானே நீர் உறிஞ்சும் தொட்டியைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து உண்டு. ஊருக்குப் போகும் வாரங்களில் புதினாவைக் காப்பாற்றுவது அதுதான். ரோஸ்மேரிக்கோ அது மெல்லக் கொல்லும் ஏற்பாடு. மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் கண்ணுக்கெதிரே சின்னக் கருப்பு ஈக்கள் பறக்கத் தொடங்கும். அவற்றின் புழுக்கள் அந்த ஈரமண்ணில்தான் வளர்கின்றன. மேல் இரண்டு சென்டிமீட்டர் மண்ணைக் காயவிடுவதும், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைச் செருகுவதும் போதுமானவை. இந்த வகைத் தொட்டியில் நீர் கீழிருந்து மேலே மட்டுமே போவதால் உப்பு மேற்பரப்பில் சேர்கிறது. அவ்வப்போது தேக்கத்தைக் கழற்றிவிட்டு மேலிருந்து ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

மூன்று குட்டிக் கிண்ணங்கள், மூன்று விதைப் பொட்டலங்கள் என்று பரிசுப்பெட்டியில் வரும் தொகுப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைப்பிடி மண் வெயிலில் அரைநாளில் காய்ந்துவிடும், வேர் சுருண்டுகொள்ளும். எந்த மூலிகைக்கும் 15 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் இருந்தால்தான் நிம்மதி. அந்தக் கிண்ணங்களில் இப்போது பேனாவும் கத்தரிக்கோலும் குடியிருக்கின்றன.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் தொட்டியைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை. தொட்டிகள் மிக அழகாகத் தெரியும் இடம் பெரும்பாலும் அறையின் உள்பக்க அலமாரி. செடிக்கு அதுவே பஞ்சகாலம். நம் கண் மங்கலுக்குப் பழகிவிடுவதால், ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. தண்டு மெலிந்து நீண்டு, இலைகள் ஒன்றுக்கொன்று விலகி முளைத்தால் செடி வெளிச்சத்தைத் தேடுகிறது என்று பொருள். திருநீற்றுப்பச்சைக்கும் ரோஸ்மேரிக்கும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். புதினா அதில் பாதியைக் கொடுத்தாலும் கோபிக்காது. வெயில் வராத மாதங்களில் செடிகளுக்கு அருகே எல்.இ.டி. விளக்கை 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுகிறேன்.

அறுவடையில் பேராசை வேண்டாம். தினமும் சமைக்கும் வீட்டுக்குத் தேவையான கொத்தமல்லியை ஒரு ஜன்னல் தராது. கடைசியில் தூவுவதற்குத் தரும். அதன் ஆணிவேர் இடமாற்றத்தை வெறுப்பதால், நீளமான தொட்டியில் நேரடியாகவே விதைக்கிறேன், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு பகுதியாக. வெப்பம் கூடினால் இலையை விட்டுப் பூவுக்குப் போய்விடும், அதைத் தடுக்க முடியாது. திருநீற்றுப்பச்சை எதிர்மாறு: கணுவுக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளக் கிள்ள இரண்டிரண்டாகக் கிளைக்கும். கிள்ளிய தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் சில வாரங்களுக்குள் வேர்விடும். கற்பூரவல்லிக்கு அந்தத் தண்ணீர்கூடத் தேவையில்லை, ஒடித்து மண்ணில் செருகினாலே பிடித்துக்கொள்ளும்.