மூடிலோடு நான்கு ஆண்டுக் குடித்தனம்

பினாங்கில் ஒரு சிறிய தனியார் கல்லூரியில் கணக்கியல் நடத்துகிறேன். 2021 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து எங்கள் பாடக்குறிப்பு, ஒப்படைப்பு, குவிஸ், மதிப்பெண் எல்லாம் மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில்தான். வேறு கல்லூரி நண்பர்கள் "எந்தத் தளம் நல்லது?" என்று கேட்கும்போதெல்லாம் என்னிடம் ஒரு வரியில் பதில் இருப்பதில்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாரையும்போல நாங்களும் கூகுள் கிளாஸ்ரூமுக்கு ஓடினோம். ஒரே மாலையில் கற்றுக்கொண்டேன், அந்த நன்றியை மறக்க மாட்டேன். ஆனால் உயர்கல்விப் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் மலேசிய அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் தணிக்கைக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் எந்தக் கற்றல் விளைவுக்கு உரியது என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதை இரவெல்லாம் உட்கார்ந்து எக்செலுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு கிரெடிட் என்றால் மாணவருக்கு 40 மணி நேரக் கற்றல். அதில் அவர் தனியாகப் படித்த பங்குக்கும் ஏதாவது தடயம் வேண்டாமா?

கிளாஸ்ரூமில் சேமிப்பிடத்துக்கு 100 டெராபைட் வரம்பு வரப்போகிறது என்ற செய்தியும் அப்போதுதான் வந்தது. எங்கள் அளவுக்கு அது கடல். ஆனாலும் கூட்டத்தில் மேலிடத்தை அசைத்தது அந்தச் செய்திதான். கேன்வாஸ், மூடில் என்ற இரண்டு கற்றல் தளங்களையும் பார்த்தோம். கேன்வாஸின் முகம் அழகு, ஆனால் வருடா வருடம் கட்டணம். 2002-இல் மார்ட்டின் டூஜியாமஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்ட மூடிலோ திறமூல மென்பொருள், உரிமக் கட்டணமே கிடையாது. 'கட்டணம் கிடையாது' என்பதைக் கேட்டவுடனே கூட்டம் முடிந்துவிட்டது.

யானை வாங்கியாயிற்று, அங்குசம் வாங்கத்தான் யோசித்தோம். பலரும் பகிர்ந்துகொள்ளும் சர்வர்களில் இருப்பதிலேயே மலிவான ஒன்றில் மூடிலை ஏற்றினோம். முதல் வாரம் மாணவர்கள் பேரேட்டுத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் ஒன்றும் ஏறவில்லை. மூடில் ஓடுவது பி.எச்.பி. என்ற நிரல்மொழியில். அதில் கோப்பு ஏற்றும் வரம்பு யாரும் மாற்றாதவரை 2 எம்.பி.தான். ஒரு படமே நாலைந்து எம்.பி. வருகிறது. பத்து நிமிட வேலை, ஆனால் அது தெரியவருவதற்குள் மூன்று நாள் என் வாட்ஸ்அப் நிரம்பி வழிந்தது. அப்புறம் காலை 9 மணிக்கு நாலு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் குவிஸ் வைத்தோம். சர்வர் படுத்துவிட்டது. அன்றைக்குத்தான் தனி சர்வருக்குப் பணம் ஒதுக்கினார்கள்.

ஆனால் இதெல்லாம் பணத்தால் தீர்ந்த தொல்லை. நான் தலை குனிந்தது மதிப்பெண் ஏட்டில்.

முதல் செமஸ்டர் ஆறாம் வாரம் ஒரு மாணவனின் அம்மா போன் செய்தார். "தொண்ணூறு மார்க்குன்னு காட்டுறான் சார். அவன் ஒழுங்கா வர்றானா?" என்றார். அவன் வகுப்பில் தலையைக் காட்டி ஒரு மாதம். திறந்து பார்த்தேன், பட்டியலில் முதல் ஆளே அவன்தான். ஒரே ஒரு குவிஸில் 20-க்கு 18, மற்ற மூன்று ஒப்படைப்பும் வெறும் கட்டம். மூடிலில் காலிக் கட்டத்தைக் கூட்டலில் சேர்க்காமல் விடும் தேர்வு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். இன்னும் நடக்காத தேர்வுக்காக எல்லாரையும் தோற்றவர்களாகக் காட்டக்கூடாது என்பதற்காக வைத்தது, நியாயம்தான். கெடு முடிந்ததும் ஆசிரியர்தான் 0 போட்டுவிட வேண்டும். நான் போடவில்லை. கணக்கு வாத்தியார் கூட்டலில் கோட்டைவிட்ட கதை ஆசிரியர் அறையில் ரொம்ப நாள் ஓடியது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஒப்படைப்பில் கெடு நாள் என்றும், அடியோடு மூடும் நாள் என்றும் தனித்தனியாக இரண்டு தேதி வைக்கலாம். கெடு தாண்டினால் 'தாமதம்' என்று குறித்துக்கொள்ளும், ஆனால் வாங்கிக்கொள்ளும். மூடும் நாள் தாண்டினால் வாங்காது. நிபோங் திபாலிலிருந்து வரும் ஒரு மாணவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். "சார், வேலை முடிஞ்சு காலையிலதான் போட முடியும்" என்பான். வெள்ளி இரவு 11.59 கெடு, ஞாயிறு இரவு மூடுதல் என்று வைத்த பிறகு அவன் என்னிடம் கெஞ்சுவதும் இல்லை, நான் பெரிய மனது காட்டுவதும் இல்லை.

2022 டிசம்பர் விடுமுறையில் மூடிலின் 4.1 பதிப்புக்கு மாறினோம். திரை மாறியதில் மூத்தவர்கள் இருவர் ஒரு மாதம் முணுமுணுத்தார்கள், சரியாகிவிட்டது. ஆசைக்குத் தமிழ் மொழித் தொகுப்பையும் போட்டுப் பார்த்தேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். மாணவர்களே பழையபடி வைக்கச் சொன்னார்கள்.

இத்தனை நாள் இது ஓடுவதற்குக் காரணம் அலுவலகத்து அக்கா ஒருவர். கணினித் துறை ஆள் இல்லை, சேர்க்கைப் பிரிவு. ஆரம்பத்தில் ஆளாளுக்கு 'அக்கவுண்டிங் புதுசு', 'அக்கவுண்டிங் புதுசு 2' என்று பாடப் பக்கம் திறந்து வைத்திருந்தோம். அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே ஒரு மாதிரிப் பக்கம் செய்தார். ஒவ்வொரு செமஸ்டரும் அதை நகலெடுத்து, பெயர்ப்பட்டியலை ஒரே கோப்பாக ஏற்றிவிடுவார். மாணவருக்கு எந்தப் பாடம் திறந்தாலும் ஒப்படைப்பு ஒரே இடத்தில் இருக்கும். போன தீபாவளிக்கு அவர் இரண்டு வாரம் விடுப்பில் போனார். புதிதாகச் சேர்ந்த பதினோரு பேர் அவர் திரும்பி வரும்வரை மூடிலில் எந்தப் பாடத்திலும் இல்லை. இந்த வேலைக்கு அவருக்குத் தனியாக ஒரு ரிங்கிட்கூட இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது மேலிடத்துக்கு வேறொரு தளத்தின்மேல் கண். போன வாரம் ஒரு நிறுவனத்துக்காரர் வந்து பெரிய திரையில் வண்ண வண்ண வரைபடங்களாகக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினோம். முடிந்ததும் என் பழைய கைப்பேசியை நீட்டி, வைஃபையை அணைத்துவிட்டு, "ஒரு மாணவராக இதில் ஓர் ஒப்படைப்பு போட்டுக் காட்டுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வைஃபை பாஸ்வர்ட் என்ன என்று கேட்டார்.