சிப்பாயாகச் சேர்ந்து ஏறுவதா, பயிலிளவலாகவே நுழைவதா?

உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததும் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்து வீடுகள் சிலவற்றில் இந்த வாதம் தொடங்கிவிடும். இப்போதே இராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, பிறகு அதிகாரியாக உயர்வதா? காத்திருந்து, பயிற்சி முடிந்ததும் நேரடியாக அதிகாரியாகும் பயிலிளவல் அதிகாரியாக விண்ணப்பிப்பதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகுதி இருப்பவர் பயிலிளவலாகவே போகவேண்டும். "உள்ளே போய்விட்டால் மேலே போய்விடலாம்" என்று மாமாக்கள் சொல்வது பொய்யில்லை. எந்த வயதில், எந்த வேலைக்கு என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை.

சிப்பாயின் படிகள் லான்ஸ் கோப்ரல், கோப்ரல், சார்ஜன்ட், ஸ்டாஃப் சார்ஜன்ட் என்று ஏறி, வொரண்ட் ஒபிசர் முதலாம் வகுப்பில் முடிகின்றன. அதற்கு மேலே இருப்பது அதே ஏணியின் அடுத்த படியல்ல; அது வேறொரு ஏணி. நீண்ட சேவை செய்த வொரண்ட் ஒபிசர்களில் சிலருக்குக் கொமிஷன், அதாவது அதிகாரி நியமனம், கிடைக்கிறது. பெரும்பாலும் அது குவாட்டர் மாஸ்டர் கொமிஷன். பெயருக்கு முன்னால் லெப்டினன்ட் என்று வரும். பொறுப்போ களஞ்சியம், சீருடை, உணவு, தளபாடம். தியத்தலாவை இராணுவ அக்கடமியில் பயிலிளவலாகப் பயிற்சி முடித்து வெளிவரும் இளைஞர் அதே காலத்தில் இரண்டாம் லெப்டினன்டாக ஒரு பிளட்டூனை, அதாவது சிறு படைக்குழுவை, நடத்தத் தொடங்குவார். ஒருவருக்கு இருபதுகளின் தொடக்கம். மற்றவர் அநேகமாக நாற்பதைத் தொட்டிருப்பார். இளைஞருக்குப் பட்டாலியன் கட்டளை வரைக்கும், அதற்கு மேலும் பாதை இருக்கிறது. மூத்தவருக்கு அந்தப் பாதையில் நடக்க ஆண்டுகள் மிச்சமில்லை. தோட்டத்தில் பெரிய கிளாக்கருக்குத் தெரியாத கணக்கு எதுவும் கிடையாது, ஆனாலும் பங்களாவுக்குக் குடிபோகிறவர் நேற்று வந்த சின்னத்துரைதானே.

இதை இழிவாகச் சொல்லவில்லை. இளம் அதிகாரிகள் பலர் தொழில் கற்றுக்கொள்வதே இந்த மூத்தவர்களிடம்தான். வீட்டு நிலையையும் பார்க்கவேண்டும். பயிலிளவல் தெரிவு அறிவித்தல் எப்போது வரும் என்று காத்திருக்கவேண்டும். உடற்தகுதி, நேர்முகம் எல்லாவற்றையும் தாண்டவேண்டும். தாண்டினாலும் இடம் நிச்சயமில்லை. நாட்சம்பளத்தில் அடுப்பெரியும் வீட்டுக்கு அந்தக் காத்திருப்பு ஒரு செலவு. சிப்பாய்க்குச் சம்பளம் உடனே தொடங்குகிறது. அந்த வீட்டுப் பிள்ளை முதல் வழியை எடுத்தால் யார் குறை சொல்ல முடியும்? அதிகாரியாகலாம் என்ற நம்பிக்கையை மட்டும் அந்தச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடக்கூடாது.

கீழிருந்து மேலேறியவர்களே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். பிரித்தானிய இராணுவத்தில் வில்லியம் ரொபர்ட்சன் 1877இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, 1888இல் கொமிஷன் பெற்று, 1920இல் ஃபீல்ட் மார்ஷல் ஆனார். அந்த இராணுவத்தில் அடிமட்டத்திலிருந்து அந்த உச்சிவரை போனவர் அவர் ஒருவரே. அக்காலத்து அதிகாரி தன் சம்பளத்தில் மட்டும் வாழ முடியாது, குடும்பச் சொத்து வேண்டும். ரொபர்ட்சனிடம் அது இல்லை. செலவு குறைவு என்பதால் இந்தியாவில் இருந்த படைப்பிரிவுக்குப் போனார், அங்கே மொழிகளைக் கற்றார், அந்த மொழியறிவே அவரை மேலே தூக்கியது. தமிழோடும் சிங்களத்தோடும் வளரும் பதுளைப் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம். ஆங்கிலத்தையும் கைப்பற்றிக்கொண்டால் தெரிவுக்குழுவின் முன் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொருவர் கதை இலங்கை மண்ணிலேயே முறிந்தது. ஹெக்டர் மக்டொனால்ட் ஸ்கொட்லாந்தின் ஏழை விவசாயி மகன். 1870இல் சிப்பாய், ஆப்கான் போரின்போது 1880இல் அதிகாரி, பிறகு மேஜர் ஜெனரல். 1902இல் இலங்கையிலிருந்த படைகளின் கட்டளை அதிகாரியாக வந்தார். இங்கிருந்த ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் வட்டத்தோடு அவருக்கு ஒட்டவில்லை. அவர்மீது நடத்தை பற்றிய குற்றச்சாட்டுகள் எழுந்தன. விசாரணையை எதிர்கொள்ளும் முன்பே 1903இல் பாரிசில் தம்மைச் சுட்டுக்கொண்டார். குற்றச்சாட்டின் உண்மை எதுவானாலும், அந்த நேரத்தில் அவருக்காகப் பேச அவருடைய வர்க்கத்தார் யாரும் மேல்மட்டத்தில் இல்லை. அதே துரைமாரோ 1900இல் தமக்கென்றே ஒரு படை அமைத்திருந்தார்கள். கண்டியைத் தலைமையகமாகக் கொண்ட அந்தத் தோட்டத்துரைமார் ரைஃபிள் படையில் சாதாரணச் சிப்பாய்கூட வெள்ளைக்காரத் துரைதான். முதலாம் உலகப் போருக்குச் சிப்பாய்களாகக் கப்பலேறிய அவர்களில் பலர் விரைவிலேயே வேறு படைப்பிரிவுகளில் அதிகாரிகளானார்கள்.

நம்மவர் பக்கம் வந்தால், இந்த ஒப்பீடே வெகுகாலம் வெட்டிப்பேச்சாக இருந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இலங்கை இராணுவம் பிறந்தது 1949இல். நாடற்றிருந்தவர்களுக்கு இரண்டு வாசலும் இல்லை. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003வரை சட்டம் போடவேண்டியிருந்தது. தியத்தலாவையைச் சுற்றித் தேயிலை மலைகள்தான். ஆனாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்டறிய ஒரு தோட்டத்துத் தாத்தாவை, அதுவும் அதிகாரியாக இருந்தவரை, தேடிப்பிடிப்பது கடினம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை இந்தியா வைத்திருக்கிறது. அங்கே இளம் சிப்பாயாக இருக்கும்போதே தேர்வெழுதி இராணுவப் பயிலிளவல் கல்லூரிக்குப் போகலாம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு, பிறகு டெராடூனிலுள்ள இந்திய இராணுவ அக்கடமியில் ஓராண்டு. 1929இல் கிச்சனர் கல்லூரியாகத் தொடங்கிய மரபு அது. இப்படிக் கடந்தவர் இருபதுகளிலேயே லெப்டினன்ட் ஆகிவிடுகிறார், அதனால் மேல் பதவிகளுக்கு அவருக்கும் காலம் இருக்கிறது. சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டைக் கடப்பதைவிட எப்போது கடப்பது என்பதே பெரிது என்று நான் நினைப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

எனவே இங்கே சிப்பாயாகச் சேர்ந்தேதான் ஆகவேண்டிய நிலையில் இருப்பவர், சேரும்போதே ஒரு தொழிற்பிரிவைக் கேட்டுப் பார்க்கவேண்டும். வாகனத் திருத்தம், சமிக்ஞை, மருத்துவம் ஆகிய எதுவும் சேவை முடிந்து வெளியே வந்தபின் சோறு போடும். உயர்தரச் சித்தி உள்ளவர் பயிலிளவல் விண்ணப்பத்தில் வயதெல்லையையும், திருமணமாகாதவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் முதலில் படிக்கவேண்டும். பெண் பார்க்கும் பேச்சை வீட்டில் எடுத்தால், பயிற்சி முடியும்வரை அதைத் தள்ளிவைக்கச் சொல்வது நல்லது.